செங்கல்லுக்குக் கீழே ஒரு சிமெண்ட் சாக்கு

கடலோரக் கோட்டையில் மின்கேபிள் புதைக்கக் குழி தோண்டினார்கள். பழைய கட்டுமானம் எதுவும் சிதையாமல் பார்ப்பது என் வேலை. சுவரோரம் இரண்டடி ஆழத்தில் செங்கல் வரிசை தெரிந்தது. பொக்லைனை நிறுத்தினேன். அது சும்மா நிற்க வேண்டாமே என்று, வாசல் பக்கம் வெறும் மணல்தான், தோண்டலாம் என எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் குத்தவைத்துத் தூரிகையால் மண் தள்ளினேன். செங்கல் பழையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குக் கீழே மதுக்கரை என்று அச்சடித்த சிமெண்ட் சாக்கு கிடந்தது. மேலே பழசு, கீழே புதுசு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொக்லைன் ஓட்டுநர் வெள்ளகோவில்காரர். நான் கோயமுத்தூர் என்பதால் உரிமையோடு எட்டிப் பார்த்தார்.

“அது நான் போட்டதுங்க அம்மணி. போன வருசம் தண்ணிக் குழாய்க்குத் தோண்டி, கெடந்த கல்லையெல்லாம் அடுக்கி மூடிப்போட்டேன்.”

“மூணு நாளா பாத்துட்டுத்தானுங்களே இருந்தீங்க?”

“கல்லு பழசுதானுங்களே. என்னமோ கண்டுபுடிச்சிட்டீங்கன்னு இருந்துட்டேன்.”

படிவத்தில் காலம் என்ற கட்டத்தில் எழுதியதை அடித்தேன். மறுபடி எழுதி, அதையும் அடித்தேன்.

“அப்ப இங்க யாரும் கை வெக்காத மண்ணு எதுங்க?”

“வாசப் பக்கந்தானுங்க இருந்துச்சு. நேத்துத் தோண்டிப்போட்டேன்.”