படத்தில் எழுந்து நிற்கும் பையன்

அந்தப் பையன் நான் இல்லை.

என் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பள்ளி ஆண்டு விழா. தலைமையாசிரியர் மேடையில் நின்று, யார் செய்தது என்று உறுமுகிறார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, நான்தான் என்கிறான். அவனைப் பார்த்து ஒரு பெண் எழுகிறாள். பிறகு இன்னொருவன்... பிறகு அரங்கமே! நீங்கள் விசிலடித்தீர்கள். அழுததாகக்கூடச் சிலர் சொன்னீர்கள்.

போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு அழைத்திருந்தார்கள். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அந்தப் பையன் நீங்கதானே?"

வெட்கப்படுகிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பொய்! உண்மையில் அன்று எங்கள் பள்ளி விழாவில் எழுந்து நின்றவள் ஒரே ஒருத்தி. நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்ததோடு முடிந்திருந்தால் இதை எழுதவும் மாட்டேன்...

அவள் பெயர் ரிஸ்வானா. பெரியபட்டினத்திலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வருவாள். வாப்பா சவுதியில். வீட்டில் அவளும் உம்மாவும் மட்டும். நான் முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யாவுக்கு மானாவாரி மிளகாய். பள்ளி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரையும் சேர்த்தது சினிமாப் பைத்தியம். அதிலும் பள்ளிக்கூடப் படங்கள். எந்த நாட்டுப் படமானாலும் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் இடைவேளையில் பேசித் தீர்ப்போம். அந்தப் படங்களில் பிள்ளைகள் தலைமுடிக்குச் சாயம் பூசினார்கள், சுவரில் எழுதினார்கள், பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். எனக்கு அதெல்லாம் புல்லரிக்கும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

"இவங்களுக்கு முடிதான் பிரச்சினை. நம்ம பள்ளிக்கூடத்துல படம் எடுத்தா எதை எடுக்கணும் தெரியுமா? கக்கூஸை எடுக்கணும்" என்றாள் ஒருநாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெண்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். அந்த வழியாகப் போகும் பையன்கள் சும்மா போவதில்லை. அதற்குப் பயந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. எங்கள் ஊர் வெயிலில்!

அதைத்தான் என் கைபேசியில் எடுத்தோம். கதை அவளுடையது. நடித்தது அவளும் அவளுடைய தோழிகளும். படம் பிடித்ததும் வெட்டி ஒட்டியதும் நான். ஒரு காட்சியை எப்படி எடுக்க வேண்டும் என்று அவளே தரையில் குந்தியிருந்து காட்டினாள்: பள்ளி விட்ட நேரம், ஜன்னல் மேடையில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். எல்லாம் நிறைந்தபடி. சாயங்கால வெயில் அவற்றின் ஊடாக வகுப்பறைச் சுவரில் விழுகிறது. வசனம் கிடையாது.

ஆண்டு விழாவில் காட்டுவதற்கு மரம் நடுவதைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதையும் எடுத்து, ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினோம். விழாவன்று பென்டிரைவில் எங்கள் படத்தை மாற்றிக் கொடுத்தவன் நான்தான். எனக்கும் அவ்வளவு துணிச்சல் இருந்தது... இருட்டில்.

"முடிஞ்சதும் யாரு எடுத்ததுன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எந்திரிச்சிருவோம். சரியா?" என்றாள்.

"சரி" என்றேன்.

படம் ஓடத் தொடங்கியதும் பையன்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. பெற்றோர் பக்கம் சில தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டில்கள் திரையில் வந்தபோது தலைமையாசிரியர் எழுந்து கத்தினார். படம் நின்றது, விளக்குகள் எரிந்தன.

"யாரு? யாரு பண்ணுன வேலை இது?"

அவள் எழுந்தாள். "நான்தான் சார்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபமாக அல்ல; மேடைக்குப் போகலாமா என்று கேட்பதுபோல. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் எழவில்லை. கூட நடித்த தோழிகளும் எழவில்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. இசை ஏதும் உயரவில்லை, நண்பர்களே!

விழா முடிந்ததும் என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கைபேசி என்னுடையது என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஏலே, உங்கய்யா மிளகா வித்துப் படிக்க வைக்கிறாரு. நீ டி.சி.ய வாங்கிட்டுப் போயி ஆடு மேய்க்கப் போறியா?"

"இல்ல சார்."

"அப்பச் சொல்லு. யாரு யோசனை இது?"

"அவதான் சார்."

இதுவரை உண்மை. கோழையின் உண்மைதான், ஆனாலும் உண்மை. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் கேட்ட ஒரு பெண்ணை அதற்காகவே பள்ளியை விட்டு அனுப்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வேறொரு காரணம் தேவைப்பட்டது. அது எனக்குப் புரிந்தது. பதினேழு வயதில் அது எனக்கு எப்படிப் புரிந்தது?

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். அவதான் எம் பின்னாடியே வந்தா."

யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது இது! அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். "சரி, நீ போ" என்றார்.

மறுநாள் அவளுடைய உம்மா வந்தார். நான் பக்கத்து ஆய்வகத்தில் ஒளிந்திருந்தேன். "பையன் பின்னாடி சுத்துதும்மா உங்க பொண்ணு. அவனே சொல்லிட்டான்" என்று தலைமையாசிரியர் சொன்னது கேட்டது. தாழ்ப்பாளைப் பற்றி அந்த அறையில் ஒரு சொல்லும் எழவில்லை. வெளியே வந்தபோது மகளின் பையை உம்மாவே தோளில் மாட்டியிருந்தார். ஆண்டின் நடுவில் வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு என்ன செய்தேன்? பரீட்சை எழுதினேன். சென்னைக்குப் போனேன். சினிமா கற்றுக்கொண்டேன்.

என் படத்தில் அந்தப் பாட்டில் காட்சி வருகிறதே, விமர்சகர்கள் கவிதை என்று எழுதினார்களே... அது அவள் தரையில் குந்தியிருந்து காட்டியது. வெயில் விழும் திசைகூட மாறவில்லை. பாராட்டியவர்களுக்கெல்லாம் கைகூப்பினேன்.

கல்லூரி விழா முடிந்த மறுநாள் கீழக்கரைக்குப் போனேன். அவள் அங்கே கல்யாண வீடியோ எடுக்கிறாள் என்று தெரியும். பெண்கள் பக்கம் மட்டும் எடுப்பாள். அங்கே ஆண்கள் கேமராவோடு போக முடியாது. மாடியில் சின்ன அறை. என்னைக் கண்டதும் கணினித் திரையை அணைத்தாள்.

"பொம்பளைங்க பக்கத்து வீடியோ. நீ பாக்கக் கூடாது" என்றாள்.

அவள் எடுத்த எதையும் இனி நான் பார்க்க முடியாது. உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"படம் பாத்தேன். நீ எந்திரிக்கிற எடத்துல சிரிச்சிட்டேன். பக்கத்துல உள்ளவங்க மொறைச்சாங்க" என்றாள்.

"ரிஸ்வானா, நான்..."

"நீ எந்திரிக்காதது எனக்கு ஒண்ணுமில்ல. பயந்துட்ட. நானும் பயந்துக்கிட்டேதான் நின்னேன். பின்னாடியே வந்தான்னு சொன்ன பாரு, அதுதான். உம்மா மவுத்தாகுற வரைக்கும் அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நம்புனாங்களா, நம்பலையான்னு எனக்கு இன்னும் தெரியாது. அதை நான் யாருகிட்டப் போயி கேக்குறது?"

என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கை உயர்த்தித் தடுத்தாள்.

"மன்னிப்பெல்லாம் கேக்காத. அதையும் படமா எடுத்து, அதுலயும் நீதான் அழுவ."

எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கைபேசியை எடுத்து, அவள் கடைசியாகச் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லை மாற்றினால் வசனம் இன்னும் கூராகும் என்று தோன்றியது. மாற்றினேன்.

மேலே நீங்கள் படித்தது மாற்றியதைத்தான்.