கிகாலி வெட்டிய வாய்க்கால்

சமதர் ஹிர்சியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலைச் சாய்த்து நடந்தால் நொண்டி, காது பெரிதாக இருந்தால் காதன் என்று பட்டம் கட்டிவிடுகிற ஊர், சோமாலியாவின் மொகதிஷு. பட்டத்தில் பகை எதுவும் கிடையாது. சமதர் வாயைத் திறந்தால் தான் இருந்துவிட்டு வந்த கிகாலி நகரத்தைப் பற்றித்தான் பேசுவார். அதனால் அவர் கிகாலி ஆனார்.

சண்டை ஊருக்குள் வந்த வருடம் அவருக்குப் பதினான்கு வயது. மாமாவோடு கென்யாவின் மொம்பாசாவுக்கு ஓடினார். லாரியில் கிளீனர் ஆனார், பிறகு டிரைவர் ஆனார். மொம்பாசாவிலிருந்து ருவாண்டாவின் கிகாலி வரைக்கும் டீசல் டேங்கர் ஓட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்ட முதுகு இடம் கொடுக்காமல் போன பிறகு கிகாலியிலேயே ஒரு பட்டறையில் டயர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தார். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பெண் வீட்டார் அவருடைய குலத்தைக் கேட்டார்கள், பேச்சு அதோடு நின்றது.

பட்டறை முதலாளி கலிக்ஸ்த், ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்த நாட்களில் நாலு தம்பிகளையும் பறிகொடுத்தவர். அந்த ஊரில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் தெரு வேலைக்கு இறங்க வேண்டும். கலிக்ஸ்தும் மண்வெட்டியோடு போவார். அவருக்குப் பக்கத்தில் நின்று வெட்டுகிறவன் அந்தக் கொலைகளுக்காக ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே கேனில் தண்ணீர் குடிப்பார்கள். இதைப் பார்த்த முதல் நாள் சமதர் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார்.

ஒரு நாள் சாப்பிடும்போது கலிக்ஸ்த் சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே பாஷை, ஒரே மதம்னு சொல்றே. அப்புறம் எதுக்குய்யா இருபது வருஷமா அடிச்சுக்கிறீங்க?"

அந்தக் கேள்வி சோற்றோடு உள்ளே போனதுதான், வெளியே வரவேயில்லை. கொன்றவனையும் கொல்லப்பட்டவனின் அண்ணனையும் வைத்துக்கொண்டே இவர்கள் தெருவைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், நமக்கு என்ன கேடு என்று நினைத்து நினைத்து மருகினார். நாற்பதாவது வயதில் ஒரு பையும் டயர் கழற்றும் கடப்பாரை இரண்டும் எடுத்துக்கொண்டு மொகதிஷுவுக்குத் திரும்பினார்.

தைனிலே பகுதியின் ஓரத்தில் ஒரு தெருவில் பஞ்சர் கடை போட்டார். கடைக்குப் பின்னால் பெரிய வெற்று மனை ஒன்று இருந்தது. வறட்சியில் ஆடு மாடு செத்துப் பைதோவாப் பக்கத்திலிருந்து வந்த பத்தொன்பது குடும்பங்கள் அதில் குச்சியை வளைத்துத் துணி போர்த்திக் குடிசை கட்டியிருந்தன. மனையின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். பள்ளமான இடம். மழை பெய்தால் ஒரு மாதம் தண்ணீர் வடியாது. அதனால் யாரும் அதைத் தேடி வரவில்லை.

எதிரே ஜாமாவின் டீக்கடை. ஜாமா பதினெட்டு வருடம் ஏமனின் ஏடன் நகரில் அகதியாக இருந்து, அங்கேயும் சண்டை மூண்ட பிறகு திரும்பி வந்தவர். ஏலக்காய் போட்ட பால் டீயும் பேச்சும் அங்கே எப்போதும் ஓடும். எந்த நாடு தேறியது, எது தேறவில்லை என்று உட்கார்ந்து அலசுவார்கள். வடக்கே பிரிந்துபோன ஹர்கெய்சாவில் ரோடு போட்டுவிட்டான் என்பார் ஒருவர். லைபீரியாவில் தேர்தலே நடத்திவிட்டான் என்பார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் சமதர் பக்கம் திரும்பி வம்புக்கு இழுப்பார்கள்.

"கிகாலியில பிளாஸ்டிக் பை வச்சிருந்தா எல்லையிலேயே பிடுங்கிடுவாங்க" என்று அவர் சொன்னார்.

"இங்க எல்லை எங்கப்பா இருக்கு, நின்னு பிடுங்குறதுக்கு?" என்றார் ஜாமா. கடை முழுக்கச் சிரித்தது. ஜாமா சிரிக்கவில்லை. "நீ சொல்றது சரிதான் தம்பி. அவங்க அடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தன் ஜெயிச்சான். ஜெயிச்சவன் எல்லார் கையிலயும் விளக்குமாத்தக் குடுத்தான். இங்க எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் ஜெயிச்சிருக்கோம். எவன் விளக்குமாறு எடுப்பான்?"

"அது அடிச்சுக்கிட்டது இல்ல அண்ணே. அறுத்தது" என்றார் சமதர். "அதுக்கப்புறமும் எந்திரிச்சாங்க."

"ஏடனும் நல்லாத்தான் இருந்துச்சு. ரவுண்டானாவுல பூச்செடி வச்சிருந்தான். மூணே வாரத்துல எல்லாம் போச்சு" என்றார் ஜாமா.

அந்த வருட மழையில் தெரு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. மனையில் இருந்துகொண்டு அஞ்சேரோ என்ற மெல்லிய தோசை சுட்டு விற்கிற தஹபோவின் குடிசைக்குள் தண்ணீர் புகுந்தது. கரைத்து வைத்த மாவும் சோளமூட்டையும் போயின. இளைய மகள் வயிற்றுப்போக்கில் கிடந்து, ஐந்தாம் நாள் இறந்துபோனாள். அவளை அடக்கம் செய்யக்கூட அங்கே காய்ந்த மண் இல்லை. சமதரும் ஜாமாவும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனார்கள்.

மறு வெள்ளிக்கிழமை காலையில் சமதர் மண்வெட்டியை எடுத்துத் தனியாக வெட்ட ஆரம்பித்தார். மனையிலிருந்து தெருவழியாக, பழைய கல்குழி வரைக்கும் ஒரு வாய்க்கால். இருநூற்று நாற்பது காலடி தூரம். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வெள்ளி தஹபோ வந்தாள். பாண்டு சட்டியை எடுத்து மண்ணை அள்ளினாள். அவளைப் பார்த்து மனையிலிருந்த பெண்கள் வந்தார்கள். அப்புறம் ஆண்கள் வந்தார்கள்.

வாய்க்கால் யார் வீட்டுப் பக்கம் திரும்புவது என்பதில் சண்டை வந்தது. ஒரு குலத்துக்காரன் வாசலில் விட்டால் அவன் கத்தினான், அடுத்த குலத்துக்காரன் வாசலில் விட்டால் அவன் துப்பாக்கி எடுக்கப் போனான். ஆறு வாரம் வேலை நின்றது. கடைசியில் ஜாமா, "என் கடைக்குள்ள விட்டுத் தொலைங்கப்பா" என்று சொல்லி டீக்கடையின் பாதி முற்றத்தைக் கொடுத்தார். இடிந்து கிடந்த ஒரு வீட்டின் கல்லைக் கொண்டுவந்து இரு பக்கமும் அடுக்கினார்கள்.

அடுத்த மழை வந்தது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கல்குழிக்குப் போயிற்று. தெரு காய்ந்தே நின்றது. மனையில் ஒரு குடிசைகூட நனையவில்லை. அன்று தஹபோ சமதருக்கு எள்ளெண்ணெய் ஊற்றிச் சர்க்கரை தூவி நாலு அஞ்சேரோ கொண்டுவந்து கொடுத்தாள். ஜாமா, "சரிப்பா கிகாலி, இந்த ஒரு தெரு உன்னுது" என்றார். சமதர் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவன் டேப் பிடித்து மனையை அளந்தான். பத்தொன்பது குடும்பங்களும் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். சமதர் காரின் பின்னாலேயே ஓடி அவனிடம் கெஞ்சி, சொந்தக்காரரின் நம்பரை வாங்கிப் பேசினார். அந்த மனிதர் கோபப்படவேயில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"வாய்க்கால் வெட்டினது நீங்கதானா சகோதரா? பதினஞ்சு வருஷமா அந்த இடத்தை வாங்க ஆளில்ல. தண்ணி நிக்குதுன்னு ஓடிடுவாங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி கொடுக்கட்டும்."

சமதர் அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். செத்த குழந்தையைப் பற்றியும் சொன்னார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் அவர். "ஆனா அவங்க என் ஆளுங்க இல்லையே. உங்க ஆளுங்களும் இல்லைதானே?"

அவர்கள் தன் குலமில்லை என்பது உண்மைதான்.

எட்டாம் நாள் விடிந்ததும் புல்டோசர் வந்தது. துப்பாக்கிக்காரர்கள் ஆறு பேர் கூட வந்தார்கள். யாரும் சுடவில்லை, அடிக்கவில்லை. பெண்கள் துணியை உதறி மடித்தார்கள், குச்சிகளைப் பிடுங்கிக் கட்டினார்கள். அதில் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. சமதர் உதவிக்குப் போனார். தஹபோ குச்சிக் கட்டைக் கொடுக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணியிலயே விட்டிருக்கலாம் அண்ணே" என்றாள். "பள்ளமா இருந்த வரைக்கும் அது எங்க இடம்."

திட்டுவதுபோல அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

அங்கே இரண்டு மாடியில் கல்யாண மண்டபம் எழும்பியது. கட்டிடச் சாமான் கொண்டுவரும் லாரிகள் பஞ்சருக்குச் சமதரிடம்தான் வந்தன. வியாபாரம் முன்பைவிட நன்றாக நடந்தது. ஜாமா கடையைப் பெரிதாக்கினார். டீக்கடையில் பேச்சு தொடர்ந்து நடந்தது, ஆனால் சமதர் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்கே திரும்பிவிடுவார்.

ஒரு மதியம் ஏதோ ஆய்வுக்காக ஒரு பெண் டேப்லெட்டோடு கடைக்கு வந்தாள். போரில் அடிபட்ட மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாடு முன்னேறுகிறதா, பின்தங்குகிறதா, அப்படியே இருக்கிறதா என்று கேட்டாள். சமதர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக் குமிழி வருகிற இடத்தைத் தேடினார். முன்பென்றால் பேசிப் பேசியே அவளைச் சாயங்காலம் வரை விட்டிருக்க மாட்டார்.

"முன்னேறுதும்மா" என்றார். "முன்னேறின இடத்துல இருந்தவங்கதான் இல்ல."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே மாமா."

"எதையாவது அமுக்கிக்கோ."

அவள் எதையோ அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றார். அதற்குக் கட்டம் இருந்தது.

தஹபோவும் மற்றவர்களும் ஊருக்கு இன்னும் வெளியே, ரோடு முடிந்து முள்மரம் ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அரிசியும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு ஒரு நாள் போனார். அவள் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். சமதர் சுற்றிப் பார்த்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது நிலத்தின் சரிவுதான். நாலு பக்கத்துத் தண்ணீரும் இங்கேதான் வந்து நிற்கும். கிழக்கே ஒரு ஓடை தெரிந்தது. நூறு காலடிகூட இராது. அவர் பார்வை போன வழியை அவளும் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணே" என்றாள். "இங்க வெட்டாதீங்க. ஒரு மழைக்காலமாவது நாங்க இங்க இருந்துக்கிறோம்."

சமதர் தலையசைத்தார். டீயைக் குடித்து முடித்தார்.

மழை ஏப்ரலில் வந்தது. மூன்றாம் நாள் அவர் ஆட்டோ பிடித்துப் போனார். பாதி வழியிலேயே ஆட்டோ நின்றுவிட, மீதித் தூரத்தைத் தண்ணீரில் நடந்தார். குடிசைகளுக்குள் முட்டி வரை தண்ணீர் நின்றது. தஹபோ கல்லை அடுக்கி அதன்மேல் படுக்கையை ஏற்றியிருந்தாள். இரண்டு பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மாவு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். மற்ற குடும்பங்களின் மூட்டைகளையும் மத்தியானம் வரைக்கும் தூக்கினார். ஓடையின் பக்கம் அவர் போகவில்லை.