பஸ்ஸில் என் மகள் கேட்ட காரணம்

ரிங்லெட் என்ற மலையூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். பிடிக்கும், பிடிக்காது என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும். இன்று காலை நடத்திய பாடம் இதுதான். என் மகள் யாழினியும் அதே வகுப்பு.

மதியம் வீட்டுக்குப் போக இருவரும் பஸ் ஏறினோம். ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

யாழினி அங்கே உட்காரப் போனாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்க வேணாம். அந்த ஆளு சரியில்ல."

"ஏம்மா?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் தேடினேன். அழுக்கு என்று சொல்லலாமென்றால், அவர் சட்டை சுத்தமாக இருந்தது. முன்பின் தெரியாதவர் என்றால், அந்த பஸ்ஸில் எனக்கு யாரைத் தெரியும்?

"சொன்னா கேளு லா," என்றேன்.

"அது காரணம் இல்லம்மா."

அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் நான் கையை இழுத்தது புரிந்துவிட்டது. எழுந்து நின்று, இரண்டு இடத்தையும் காட்டி, மலாயில் "டுடோக், காக்" என்றார், உட்காருங்கள் அக்கா என்று.

உட்கார்ந்தேன். நன்றிகூடச் சொல்லாமல் யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நாங்கள் இறங்க வேண்டிய தானா ராத்தா வரை அவர் நின்றபடியே வந்தார்.

இறங்கியதும் யாழினி சொன்னாள்: "அந்த அங்கிள் நல்லவரும்மா. ஏன்னா, நம்ம ரெண்டு பேருக்கும் இடம் குடுத்தாரு."

கருத்தும் சரி, காரணமும் சரி. அவள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாக நடந்தேன்.

உங்கள் பிள்ளை கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், நான் திருத்த மாட்டேன்.