எல்லாக் கட்டத்திலும் என் பெயர்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் ஒரு எழுத்தை மாற்றவும் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டும். இனி ஆபீஸில் இருந்தே நாமே எழுதி நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று, அதற்கான ஏற்பாட்டைச் செய்துதர மதுரைக்காரர் ஒருவர் வந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம்தான், முதலில் ஆட்களை முடிவு பண்ணுங்கள் என்றார். சார்ட் பேப்பரில் கட்டம் போட்டார். வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டம், அதற்குள் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான ஆளின் பெயர். பெயர் வாங்கி வரும் வேலை எனக்கு.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து, சாயங்காலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் படித்தேன். அதனால்தான் கம்ப்யூட்டர் வந்ததும் என்னை ஏசி ரூமுக்கு மாற்றினார்கள். மத்தியானச் சோற்றுக்கு மட்டும் பழையபடி பேக்கிங் ஹாலுக்கே போனேன்.

"ஆபீஸ்காரவிய வாராவ, செத்த நகந்து உக்காருங்கட்டி" என்றாள், அத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று ரோல் சுற்றியவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் உட்கார்ந்த பிறகு பேச்சு எழவில்லை. கொஞ்ச நாளில் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு என் மேஜையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் எதைக் கேட்டாலும் வாயால் சொல்வார்கள், பேர் மட்டும் கொடுக்கமாட்டார்கள். ஒரு தடவை சரக்கு திரும்பி வந்தபோது, பேக்கிங் சீட்டில் யார் கையெழுத்து என்று தேடிப் பிடித்து ஏசியதை யாரும் மறக்கவில்லை. சலவை மாஸ்டர் பஞ்சு வெளுக்கும் கதையை ஆசை ஆசையாகச் சொன்னார். பெயர் போடட்டுமா என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"எம் பேரு எதுக்குத் தாயி? நீயே போட்டுக்கோ."

துணியைச் சோதிக்கும் லேபில் இருந்த பிள்ளை, தை பிறந்தால் கல்யாணமாகிப் போய்விடுவேன் என்றது. மேனேஜர் முதலாளியைக் கேட்கச் சொன்னார். முதலாளி தன் தம்பியோடு அவர்கள் வீட்டுத் தெலுங்கில் என்னவோ பேசினார். எனக்குப் புரிந்தது அவர்கள் சிரிப்பு மட்டும்தான். அப்புறம் தமிழில், உன் பேரையே போட்டுவிடும்மா என்றார்.

இப்படியே எல்லாக் கட்டத்திலும் என் பெயர் ஏறிவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அதே நினைப்புதான். பேண்டேஜ் அகலத்தில் ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டால்? கிருமி நீக்காத துணியைக் கிருமி நீக்கியது என்று அடித்துவிட்டால், அதைப் பார்த்து எந்த ஊரிலோ ஒரு டாக்டர் வாங்கிவிட்டால்? சீட்டு என்றால் கிழித்துப் போடலாம். வேலை போனால் என்னை உட்கார வைத்துச் சோறு போட வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மதுரைக்காரர் மறுபடி வந்து சார்ட்டைப் பார்த்தவர், பேனாவை மூடிவிட்டார்.

"இவங்க ஒரு நாள் லீவு போட்டா என்ன செய்வீங்க?"

"அவ லீவே போடமாட்டா சார். போயி எங்க இருக்கப் போறா?" என்றார் மேனேஜர். என்னைப் பெருமையாகத்தான் சொன்னார்.

எழுதுகிறவர் ஒருவர், படித்துப் பார்த்து வெளியே விடுகிறவர் வேறொருவர், இரண்டு ஆள் இல்லாமல் இது ஓடாது என்று மதுரைக்காரர் பிடிவாதமாக நின்றார். அவர் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு கண் பார்த்துவிட்டால் போதும், எனக்குப் பயம் பாதியாகிவிடும். நேரே பேக்கிங் ஹாலுக்குப் போய், என் பக்கத்தில் நின்று ரோல் சுற்றியவளிடம் இரண்டாவது ஆளாக வருகிறாயா என்று கேட்டேன். லேபிளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"தப்பு வந்தா?"

"ரெண்டு பேருக்கும் சேந்துதான் ஏச்சு விழும்."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் அவளே ஏசி ரூம் வாசல் வரைக்கும் வந்தாள், உள்ளே வரவில்லை.

"அவிய வேண்டாம்னுட்டாவ. நான் பிள்ளகுட்டிக்காரி. ஒனக்கென்னட்டி, தனி ஆளு."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

கடைசியில் மேனேஜரே வழி கண்டுபிடித்தார். இரண்டாவது ஆளுக்குப் பேர் வேண்டாம், 'ஆபீஸ்' என்று போடுங்கள் என்றார். அந்தப் பாஸ்வேர்டும் என்னிடமே வந்தது. மதுரைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பக்கத்தைப் பழைய விளம்பரத் தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். என் பாஸ்வேர்டில் இருந்து வெளியே வந்து, 'ஆபீஸ்' பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியே விட மனசு வரவில்லை. எழுதினவருக்கே திருப்பி அனுப்பினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: இன்னொரு தடவ பாத்துக்கோ, அவசரமில்ல. மறுபடி என் பெயரில் உள்ளே போனேன். 'ஆபீஸ்' அனுப்பிய தகவல் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. அதைத் திறந்து படித்துவிட்டு, சரி என்று பதில் போட்டேன்.