கட்டை கடைந்தவளின் பெயர்

அளவுகோலைத் தொடவே மாட்டார் கபிதோலினா யெகோரொவ்னா. எல்லாம் கண்ணளவுதான். முதலில் கடைவது திறக்காத குட்டிப் பொம்மையை. புளியங்கொட்டை அளவு இருக்கும். பிறகு அதை மூடும் பொம்மையின் கீழ்ப்பாதி, அப்புறம் மேல்பாதி. இப்படியே ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாக ஏழு. உளி ஓடுகிற நேரமெல்லாம் வாயும் ஓடும். "நெளியாதே, சனியனே! மூணு வருஷம் காய வெச்சும் ஈரம் போகலையா உனக்கு?" என்று லிண்டன் மரக்கட்டையைத் திட்டுவார்.

வயது ஐம்பத்தெட்டு. புருவம்வரை மரத்தூள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிப்பார். கோபம் வந்தால் அது நறநறவென்று பொடியாகும். இந்த மாதம் முழுக்கப் பொடியாகிக்கொண்டேதான் இருந்தது.

ரஷ்யாவின் செர்கீவ் பசாத் ஊரில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இந்த மத்ரியோஷ்கா பொம்மை பிறந்த கதைக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். முதல் பொம்மையை ஒருவர் கடைந்தார், ஒருவர் வரைந்தார். ஆனால் அங்கே எழுதி வைத்திருந்தது ஓவியரின் பெயரை மட்டும். பக்கத்திலேயே கபிதோலினா கடைந்து, அவர் தோழி ரிம்மா வரைந்த பொம்மை. அதன் அட்டையிலும் ரிம்மா மட்டும்தான்.

கண்காட்சிச் செயலாளர் கெனாதி ல்வோவிச்சிடம் மூன்று முறை போய், கடைந்தவர் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டார்.

"கட்டை கடைஞ்சவங்க பேரைப் போட்டா, மரம் வெட்டினவன் பேரையும் போடணுமேம்மா" என்று சிரித்தார் அந்த மனிதர்.

"போடுங்களேன்! கட்டை இல்லாம உங்க ஓவியர் என்ன காத்துலயா வரைஞ்சாரு?"

அன்று தேநீரோடு இரண்டு சர்க்கரைக் கட்டி பொடியானது கபிதோலினாவுக்கு. முப்பத்தாறு வருஷ உழைப்பு இவருக்கு வெறும் கட்டையாம். என்ன திமிர்!

"விடுடி கபா, நீ யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ரிம்மா.

"உனக்குத் தெரிஞ்சு என்னடி பிரயோஜனம்? அவன்கிட்ட என் பேரைச் சொன்னா உன் நாக்கு வெந்துடுமா?"

திறப்பு நாளன்று விடாத மழை. விருந்தினர் முன்னால் ரிம்மா பொம்மையை ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும். பெரியதே திறக்கவில்லை. திருகினாள், இழுத்தாள், முழங்காலில் இடுக்கிப் பார்த்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

கூட்டத்தில் நின்ற கபிதோலினாவுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. இரண்டு பாதியும் ஒரே கட்டையில் கடைந்தவை. மூடும்போது மர ரேகைகள் நேருக்கு நேர் சேர வேண்டும். அதற்காக இரண்டிலும் பென்சில் கோடு போட்டுத்தான் கொடுப்பார். வரைவதற்கு முன் கஞ்சி பூசித் தேய்க்கும்போது ரிம்மா கோட்டை அழித்துவிட்டு, வாகாகப் பட்டபடி மூடி அதன்மேல் முகம் வரைந்திருக்கிறாள். ரேகை மாறியதால் மழை ஈரத்தில் இரு பாதியும் வெவ்வேறு பக்கம் ஊதிக் கவ்விக்கொண்டன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?" என்று மேசையருகே போனார்.

ரிம்மா பொம்மையை இன்னொரு தடவை திருகினாள். கெனாதி ல்வோவிச் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சட்டுனு திறந்து குடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"நான் எதுக்கு? அட்டையில பேர் இருக்கறவங்க திறக்கட்டும்!"

கபிதோலினா ரிம்மாவிடமிருந்து பொம்மையைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேசைமேல் இருந்த அட்டையை எடுத்துச் செயலாளர் கையில் திணித்தார். பிறகு அவருடைய கோட்டுப் பையிலிருந்தே பேனாவை உருவி, மூடியைத் திறந்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.