தலைமதகு என்கிற முதல் வரி

என் தம்பி செழியனைப் பத்திக் கேட்டா ஊருல பாதிப் பேரு நல்ல பையன்னு சொல்லுவாங்க, மீதிப் பேரு பேசாம போயிடுவாங்க. எனக்கு ரெண்டும் வராது. நான் கூடப் பொறந்தவ, மலர்க்கொடி. உள்ளதைச் சொல்லிடுறேன்.

எங்க அப்பா அம்மா கூலிக்கு நாத்து நட்டவங்க. நான் எட்டாவதோட நின்னுக்கிட்டு இவனைப் படிக்க வச்சேன். இன்ஜினியர் ஆனான். சென்னைக் கம்பெனி வேலை. ஆனா திருவையாறு பக்கம் எங்க ஊருலயே, என் வீட்டு மாடியில உட்கார்ந்துதான் பாத்துக்கிட்டு இருந்தான். "பொட்டியைத் தட்டுறதுக்கு ஒரு சம்பளமாடா?"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான்.

என் வீட்டுக்காரர் கோவிந்தராசு லஸ்கர். வாய்க்கால்ல தண்ணியைத் திறந்து அடைக்கிற வேலை. ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியிற தலைமதகு மூணு கிலோமீட்டர் மேற்க இருக்கு. மழைக்காலத்துல அங்க போயி அளவுகோலைப் பாத்துட்டுத்தான் எங்க ஊரு மதகுல இறங்குவாரு. ஷட்டர்ல ஆகாயத்தாமரை வந்து அடைச்சிக்கும், இறங்கித்தான் இழுத்துப் போடணும்.

செழியன் கம்பெனி தலைமதகுல ஒரு கருவி வச்சுது. தண்ணி எத்தனை அடின்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை அது சர்வருக்கு அனுப்பும். இவர் போன்ல தெரியும். தொடர்ந்து ரெண்டு தடவை ஆறடிக்கு மேல வந்தா போன் கத்தும். "மாமா, இனிமே மழையில நடக்காதீங்க, போனைப் பாருங்க"ன்னான் செழியன். இவர் லேசுல நம்புற ஆளில்ல. ஒரு மாசம் கோலையும் போனையும் ஒத்துப் பாத்தாரு. ஒரு தடவைகூடத் தப்பல. அப்புறம் நடக்கிறதை விட்டுட்டாரு.

ஐப்பசியில கம்பெனிக்கு ஒரு யோசனை. நாளைக்கு டெல்டா பூரா ஆயிரம் கருவி வச்சா சர்வர் தாங்குமா? அதைப் பாக்க, இல்லாத கருவியெல்லாம் இருக்கிற மாதிரி பாக்கெட் அனுப்பணுமாம். பாக்கெட்னா சின்னத் தகவல் பொட்டலம். செழியன் அதுக்கு ஷெல் ஸ்கிரிப்ட்னு, கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளைப் பட்டியல் எழுதினான். "ஆயிரம் கருவிக்கும் பேரு வரிசையா எழுதி வச்சுட்டா போதும்க்கா. கம்ப்யூட்டர் செகண்டுக்கு ஒரு சுத்து, எல்லாப் பேருலயும் பாக்கெட் அனுப்பிக்கிட்டே இருக்கும்." யாரு போனும் கத்தக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் மூணடின்னு போட்டிருந்தான். தனி சர்வர் கேட்டிருக்கான். ரெண்டு மணி நேரந்தானே, இப்ப ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்லயே பாத்துடுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க.

ஆயிரத்துல மீதியெல்லாம் பொய்ப் பேரு. முதல் பேரு மட்டும் நிஜம், எங்க தலைமதகு. எங்க பக்கம் அங்க தேங்கா உடைக்காம எந்த வேலையும் தொடங்க மாட்டோம். விதை விட்டாலும் சரி, கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் சரி. அந்தப் பழக்கத்துல போட்டிருக்கான் பாவி. ஓட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு நினைச்சானாம், மறந்துட்டான்.

அவன் அதை ஓட விட்ட அன்னிக்கு மத்தியானம் சோறு எடுத்துக்கிட்டு எங்க ஊரு மதகுக்குப் போறேன். எங்க ஊருல தூறல்கூட இல்ல. மேற்க மட்டும் கறுத்துக் கிடந்துச்சு. இவர் சட்டையைக் கம்பியில மாட்டிட்டு இடுப்பளவு தண்ணியில நின்னு தாமரையை இழுத்துக்கிட்டு இருந்தாரு. தண்ணி கலங்கி வந்துச்சு. வைக்கோல் மிதந்துச்சு, பின்னாலயே குலையோட ஒரு வாழை.

"தண்ணி சரியில்லைங்க, ஏறி வாங்க."

"சட்டையில போன் இருக்கு, எத்தனை அடின்னு பாரு."

பாத்தேன். "மூணு."

"அப்புறமென்ன? இன்னும் நாலு கத்தைதான், வந்துடுறேன்."

எனக்கு மனசு கேக்கல. என் போன்ல தம்பியைக் கூப்பிட்டேன். "டேய், தலைமதகுல மூணடிங்குது. இங்க வாழை மரம் அடிச்சுக்கிட்டு வருது."

அவன் உடனே கேட்டான், "அக்கா, மாமா எங்க?"

"தண்ணியிலடா."

டக்குன்னு ஒரு சாவி தட்டுற சத்தம், ஸ்கிரிப்டை நிறுத்திட்டான். "ஏறச் சொல்லுக்கா, ஏறச் சொல்லு"ன்னான். நான் திரும்பிக் கத்துறதுக்குள்ள மேற்கேருந்து தண்ணி மொத்தமா வந்துடுச்சு. இவர் கை ஒரு தடவை தெரிஞ்சுது. அப்புறம் தாமரை மட்டுந்தான்.

ரெண்டு நிமிஷம் கழிச்சு இவர் போன் என் கையில கத்துச்சு. எட்டடி. நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்த நிஜ அளவை, செகண்டுக்கு ஒண்ணா வந்த பொய் மூணடி அதுவரைக்கும் மூடி வச்சிருந்துச்சு.

மூணாம் நாள் வடிகால்ல இவர் உடம்பை எடுத்தோம். செழியன் வேலையை விட்டுட்டான். தினம் விடியக்காலையில தலைமதகு வரைக்கும் நடந்து போயி கோலைப் பாக்குறான். வந்து என் வாசல்ல நின்னு, "மூணரை அடி"ங்கிறான். உள்ள வாடான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. கோவந்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு. அவன் பத்தாவது பரீட்சைக்குப் போன அன்னிக்கு, பேனாவைப் பிடுங்கித் தலைமதகுல வச்சுக் கும்பிட வச்சவ நான். "எதை எழுதினாலும் முதல்ல இதை நினைச்சுக்கடா"ன்னு சொன்னவளும் நான்தான்.