இறங்கிருச்சு

ஈஸ்வரிக்கு முதலில் வந்தது தொண்டைக் கரகரப்பு. போடியில் வீட்டிலிருந்து போனில் சொன்னாள். நான் மலைமேல் எங்கள் ஏலத்தோட்டத்தில் இருந்தேன். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்தாக வேண்டும். கொரோனாவின் இரண்டாம் அலை நேரம். பாஸ் இல்லாமல் மலைப்பாதையில் யாரையும் விடவில்லை. ஏறினவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு என்ன சமைச்சீங்க, கஞ்சியா களிமண்ணா?" என்று கேட்டுச் சிரித்தாள் என் மனைவி. அடுத்த நாள் காய்ச்சல் என்றாள். "லேசாத்தேன் இருக்கு. நீங்க சோலியப் பாருங்க."

பரிசோதனையில் தொற்று உறுதியானது. மகள் கவிதா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காய்ச்சல் மட்டும் இறங்கவே இல்லை. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் நின்று தினமும் நான் கேட்ட ஒரே கேள்வி, "இறங்கிருச்சா ஆத்தா?" எங்கள் பக்கம் மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு சாயங்காலம் கவிதாவே கூப்பிட்டாள். ஒரே காற்று இரைச்சல். "அப்பா, அம்மாவுக்கு இறங்கிருச்சுப்பா" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதோடு லைன் போய்விட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்து மலையாளிச் சேட்டனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பனி மாறியோ? நன்னாயி" என்றார். பனி என்றால் அவர்கள் பேச்சில் காய்ச்சல். அன்று கருவாடு வறுத்து வயிறாரச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் ஜீப்பு டிரைவர் பாண்டி வந்து நின்றார். "அண்ணே, வெரசா ஏறுங்க. பாஸ் வாங்கியாச்சு" என்றார். அவளைப் பார்க்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவர் ம் கொட்டிக்கொண்டு வந்தார்.

அடிவாரத்து செக்போஸ்டில் போலீஸ்காரர் மறித்தார். பாண்டி இறங்கிப்போய் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் பாஸை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தடுப்பை நகர்த்தினார். அந்த நாட்களில் ஒன்றும் கேட்காமல் விட்டது இழவுக்குப் போகிறவர்களைத்தான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஈஸ்வரி முந்தின இரவே போய்விட்டாள். இறங்கியது காய்ச்சல் இல்லை. ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் சிறு கருவி) காட்டிய அளவு.

"ஆக்சிஜன்னு சொன்னேன்ப்பா. சொன்னேன்னுதேன் நெனைக்கிறேன்" என்கிறாள் கவிதா இப்போதும். நான் என் காதைச் சந்தேகப்படுகிறேன், அவள் தன் வாயை. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் டாக்டரைப் பார்த்து, "ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" என்று கேட்டேன். சைலன்ட் ஹைப்பாக்சியா (ஆக்சிஜன் குறைந்தாலும் மூச்சுத் திணறல் தெரியாத நிலை) என்றார். "கடைசிவரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாங்க. நீங்க அன்னைக்கே வந்திருந்தாலும் வார்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்ன பேசினாள் என்று கேட்கவும் அன்று தோன்றவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "கொடுத்து வச்சது அம்புட்டுத்தேன்" என்றார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

என்னைப்போல் திடீரென்று துணையை இழந்தவர்களுக்குத் துக்கத்தைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. என் குழப்பமெல்லாம் அந்தச் சந்தோஷத்தில்தான். அவள் போய்க்கொண்டிருந்தபோது நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு வந்ததில்லை.

இன்றும் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். ஏறும்போது அவள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கும்போது பாதி மலையில் காது அடைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் அடைப்பதுதான். எனக்கு அதோடு நெஞ்சும் லேசாகிவிடுகிறது. காய்ச்சல் விட்டு அவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள் என்று உடம்பு நம்பத் தொடங்கிவிடும். மனசு சொன்னாலும் அது கேட்காது. செக்போஸ்ட் வரும்வரை அப்படித்தான்.

"வண்டிய வெரசா விடவாண்ணே?" என்பார் பாண்டி.

"மெதுவாவே போப்பா" என்பேன்.